முதல் தகவல்

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம்.
நாற்பத்திரண்டு தொப்பிகள்,
ஒரு கால்நடை மருத்துவர்.
மணமகன் அறையில் நாய்.

டாக்டருக்கு என் மகள் வயதுகூட இராது.
பெயர் நஸ்ரின் பானு, ஊர் புதுவயல்.
மணிக்கட்டில் பழைய தையல், ஏழு.
"இது என் தப்பு, அதன் தப்பில்லை" என்று
கையை உயர்த்திக் காட்டித்தான் தொடங்கினாள்.

உள்ளே போகுமுன் கேட்டைத் தட்டுங்கள்.
தட்டிவிட்டு நில்லுங்கள்.
ஓரத்தில் கவிழ்ந்த சோற்றுத் தட்டு,
தூணைச் சுற்றிச் சங்கிலி தேய்த்த வளையம்.
இங்கே சுவரெல்லாம் கண்ணாடியாய் மினுங்கும்;
அதில் முழங்கால் உயரத்துக்கு
மங்கலாய் ஒரு கோடு தெரிந்தால்
தினமும் ஒரு முதுகு அங்கே உரசுகிறது.
வாரண்டில் அதன் பெயர் இருக்காது.

கண்ணுக்குள் பார்க்காதீர்கள், அது விசாரணை.
பக்கவாட்டில் நில்லுங்கள்.
லத்தி காலோடு ஒட்டியே இருக்கட்டும்.
ஓடாதீர்கள்.
ஓடுகிறவனைத் துரத்தும் பழக்கம்
உங்களுக்கு மட்டும்தானா இருக்கிறது?

மண்டபம் சிரித்தது.

"குரைப்பு என்பது முதல் தகவல்.
பதிவு பண்ணுங்கள்.
அடித்து வாயை மூடிவிட்டால்
அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பள்ளத்தூர். மூன்று வருஷம் முன்னால் ஒரு சம்மன்.
கோழிக்கூட்டை மறித்து நின்றது ஒரு செவலை.
லத்தி முதலில் போனது, பின்னால் நான்.
டைரியில் 'தற்காப்பு' என்று எழுதினேன்.
கூட்டுக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்த
நான்கைப் பற்றி எழுதவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

மணமகன் அறை திறந்தது.
நாயின் பெயர் பினாங்கு.
கப்பலைக்கூடப் பார்த்திராத நாட்டு நாய்.
வந்ததும் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
"தூக்கமில்லை சார், பயம்" என்றாள் டாக்டர்.
நாற்பத்திரண்டு பேரைப் பார்த்து ஒரு பயம்.
எஸ்.ஐ. பிஸ்கட் நீட்டினார், சீந்தவில்லை.
என் முறை வந்தபோது பக்கவாட்டில் நின்றேன்.
பூட்ஸை வெகுநேரம் மோந்தது.
எதைக் கண்டுபிடித்துவிடுமோ என்று
எனக்கு வேர்த்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி, கோட்டையூர்.
சீட்டுப் பணத்தோடு மறைந்த வேலுத்துரை
ஒரு பெரிய வீட்டில், வாடகைக் கட்டில்.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
எங்களுக்கு ஆள் இரண்டு:
நான், காவலர் இருளப்பன்.

தட்டினேன். முதல் தகவல் வந்தது,
கனத்த குரலில், இரண்டாம் கட்டிலிருந்து.
பிறகு அதுவே வந்தது,
காது பின்னால், வால் கம்பியாய்.
இருளப்பன் லத்தியை ஓங்கினான்.
அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.
நின்றோம்.
தரையைப் பார்த்து,
ஆத்தங்குடிக் கல்லில் பூ எண்ணி,
பன்னிரண்டு நிமிஷம்.
நான் கொட்டாவிகூட விட்டேன்.
அது வாலாட்டவில்லை, நட்பாகவில்லை;
அலுத்துப்போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் பின்வாசல் திறந்து
வேலுத்துரை அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

"நாய்க்கு மரியாதை செய்தவர்" என்று
இன்ஸ்பெக்டர் மெமோ கொடுத்தார்.
பின்வாசலுக்கு ஆள் கேட்டிருந்தேன் என்று
பதில் எழுதினேன்.
ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில்
பொரித்த பரோட்டாவும் கையுமாய் அவன் சிக்கினான்.
மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை.

போன வாரம் மறுபடி பள்ளத்தூர்.
அதே வீடு, வேறு சம்மன்.
கேட்டைத் தட்டினேன்.
எதுவும் குரைக்கவில்லை.
கோழிக்கூடு இருந்தது,
சுவரில் அந்தக் கோட்டின் மேல்
புதுச் சுண்ணாம்பு.

உள்ளே போகலாம்தான்.
நின்றேன்,
பக்கவாட்டில்,
யாராவது வந்து
யார் என்று கேட்கிறவரை.